குப்பம் கேட்டைச் சாத்திய ஒன்பது நாள்

கல்மண்டபத்தில் மூட்டை தூக்கிய தோள் இது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை, நானும் அதைப் பார்த்ததில்லை. சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்ற வந்த லாரிக்காரர்களுக்கு டீ கேன் சுமந்தேன். அந்தக் கேனிலிருந்து காலடிப்பேட்டையில் ஆறு பெஞ்சு போட்ட ஒரு மெஸ். மெஸ்ஸிலிருந்து மூன்று கம்பெனி கேன்டீன். கேன்டீனிலிருந்து எண்ணூர் கேம்ப். அனல்மின் நிலையத்து வெளிநாட்டு இன்ஜினியர்கள் குடும்பத்தோடு குடியிருக்க நாற்பத்திரண்டு வீடும் அறையும், இரண்டு சமையற்கட்டு, துணி வெளுக்க ஒரு கொட்டகை, எட்டு வண்டி. நான் கால் வைத்த அன்றைக்கு அந்த இடத்தில் முள்ளுச்செடியும் உப்புத் தண்ணீரும்தான் இருந்தது. “இங்க எந்த வெள்ளைக்காரன்யா ஒரு வாரம் தாங்குவான்?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். பதினாலு வருஷம் தங்க வைத்தேன். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன்.

இப்போது நீங்க வந்திருக்கிறீங்க. கழுத்தில் பட்டை, பட்டையில் போட்டோ, கையில் ஹோட்டல் படிப்பு. நல்லது. படுக்கை விரிப்பை எந்தப் பக்கம் மடிப்பது, எந்தக் கரண்டி எந்தப் பக்கம் வைப்பது, இதெல்லாம் காலேஜே சொல்லிக் கொடுத்திருக்கும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. பசியோடு வருகிறவனைச் சமாளிக்கலாம், சோறு போட்டால் போதும். கோபத்தோடு வருகிறவனைச் சமாளிக்கலாம், ஒரு மணி நேரம் கண்ணில் படாமல் இருந்தால் போதும். பயந்து போயிருக்கிறவன், அதுவும் கையில் அதிகாரம் வைத்திருக்கிறவன், அவனை என்ன செய்வது? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தெரியும். கேளுங்க.

பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். ஆடி மாசம்.

கேம்புக்கு ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தாண்டை மீனவக் குப்பம். கேம்பில் சமைத்தது, கூட்டியது, துணி வெளுத்தது எல்லாம் அந்தக் குப்பத்து ஆட்கள். மொத்தம் முப்பத்தெட்டு பேர், பாதிக்கு மேல் பெண்கள். கழிமுகத்தில் மீன் குறைந்துபோய், வலை மூலையில் கிடந்த வீடுகள் அவை. இந்த முப்பத்தெட்டு வேலைதான் அந்த ஊருக்கு அடுப்பு.

கேம்ப்வாசிகளுக்கு ஒரு கமிட்டி. அதற்குத் தலைவர் ஒரு பெரிய இன்ஜினியர். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்து நீளம், தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பார். குப்பத்துப் பெண்கள் முதல் நாளே அவருக்குக் கொக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய சொந்தப் பேரை நான் கடைசி வரைக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, அவரும் என் பேரை ஒழுங்காகச் சொன்னதில்லை. கணக்கு சரி.

டிவியில் காய்ச்சல் செய்தி வர வர, கொக்குக்கும் கமிட்டிக்கும் தூக்கம் போனது. வாழைப்பழத்தை சோப்பு போட்டுக் கழுவினார்கள். தோலை உரித்துத் தின்கிற பழத்தை! கடல் பக்கத்து ஜன்னலையெல்லாம் பூட்டினார்கள். காற்று குப்பத்தைத் தாண்டி வருகிறதாம், காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு வருமாம். அதே ஜன்னல் வழியாக வருஷம் முழுக்கச் சாம்பல் வந்து விழுந்தது. என் ஆட்கள் தினம் இரண்டு தடவை துடைத்தார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சாம்பல் அவர்கள் வேலை செய்கிற இடத்திலிருந்து வந்தது, அதனால் சுத்தமான சாம்பல்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசை மேல் மேப். கொக்கு சிவப்பு பேனாவால் குப்பத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். பக்கத்து இரண்டு குப்பத்துக்கும் வட்டம். கம்பெனியின் நம்மூர் மேனேஜர்தான் மொழிபெயர்ப்பு. தெற்கே அடையாறு பக்கம் வீடு. பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதே கர்ச்சீப்பை மூக்குக்குக் கொண்டு போகிறவர்.

“சார் என்ன சொல்றார்னா, கிராமத்து ஜனங்க நெருக்கமா வாழறாங்க. ஒரே சட்டியிலே சாப்பிடறாங்க. டாக்டர் கிடையாது. இங்கே ஒருத்தருக்கு வந்தா ஊர் முழுக்கத் தீ மாதிரி பரவும், அப்புறம் சுவரைத் தாண்டி நமக்கு வரும்ங்கறார்.”

நமக்கு! மேனேஜர் தன்னையும் அந்தப் பக்கம் சேர்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

“கிராமமா?” என்றேன். “ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கப்பலும் கம்பெனியுமா கீது. இத்தப் போயி கிராமம்ன்றாரு?”

“ஓலை வீடு இருக்கே.”

“ஓலை வூடு இருந்தா கிராமமா சார்? அப்ப ஓட்டை மண்டை இருந்தா இன்னா?”

இதை மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை.

கொக்கின் திட்டம் இது: குப்பத்து ஆட்கள் முப்பத்தெட்டு பேரையும் நிறுத்திவிட வேண்டும். வெளியூர் ஏஜென்சி மூலம், டாக்டர் சர்டிபிகேட்டோடு புது ஆட்கள் வருவார்கள், கேம்புக்குள்ளேயே தங்குவார்கள். நான் கத்தவில்லை. பயந்தவன் முன்னால் கத்தினால் அவன் பயம் நியாயம் என்று ஆகிவிடும், இதை மனதில் வையுங்க. “டெஸ்ட் பண்ணுங்க. காய்ச்சல் இருந்தா நிறுத்துங்க. இல்லாதவனை எதுக்கு நிறுத்தணும்?” என்றேன். ஒரு மணி நேரம் இழுத்தடித்து ஒரு முடிவு வந்தது. தினம் காலையில் கேட்டில் காய்ச்சல் பார்ப்பது. ஒரே நாளில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால், குப்பத்துக்குக் கேட் மூடப்படும். மறுபடி திறக்காது. கொக்கு மூன்று விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. செக்யூரிட்டி கையில் புதுசாக ஒரு துப்பாக்கி. நெற்றிக்கு நேரே நீட்டினால் உடம்புச் சூட்டைச் சொல்லும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. வரிசையில் முதல் ஆள் அஞ்சலை, பெரிய சமையற்கட்டின் தலைமைச் சமையல்காரி. புருஷனைக் கடலில் விட்டவள். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றைக் கையால் காப்பாற்றுகிறவள்.

“இன்னா நைனா, துப்பாக்கி காட்டினு கீறான்? இன்னா, போலீஸ் டேசனா இது?”

“நில்லும்மே சும்மா. ஒண்ணும் ஆவாது.”

துப்பாக்கி கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு. அடுத்தவளுக்கும் கீச். அவளுக்கு அடுத்தவளுக்கும் கீச். பதினோரு பேர் வரைக்கும் போனது. கொக்கு நாலடி பின்னால் போய் நின்று, மேனேஜரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். என் முப்பத்தெட்டு வேலையும் அந்த மூன்று விரலில் தொங்கியது.

நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். விடியற்காலையிலிருந்து மணலில் நெத்திலி காயவைத்துவிட்டு வருகிறார்கள். கேம்ப் வரைக்கும் நிழல் கிடையாது. வெயிலுக்கு அலுமினிய அன்னக்கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் பக்கத்துக் குடை அதுதான். அடுப்பில் ஏற்றாத குறையாக மண்டை கொதிக்கும்.

செக்யூரிட்டி கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினேன். கேட் சுவருக்கு நேரே நீட்டினேன். கீச். சுவருக்குக் காய்ச்சல். மேனேஜர் கார் பானெட்டுக்கு நீட்டினேன். கீச். காருக்கும் காய்ச்சல். கொக்கு தினம் காலையில் கேம்பைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடுவார். அன்றைக்கும் ஓடிவிட்டு, கேட்டில் அரை மணி வெயிலில் நின்றதில் நண்டு மாதிரி சிவந்திருந்தார். அவர் நெற்றிக்கு நீட்டினேன்.

கீச்.

“சார், ஐயாவையும் வெளிய நிறுத்தணுமா?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

பின்னால் அஞ்சலையின் குரல்: “கொக்குக்கு ஜன்னி கண்டுச்சுடி!” பதினோரு காய்ச்சல்காரிகளும் அன்னக்கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

எல்லோரையும் வாட்ச்மேன் கொட்டகை நிழலில் உட்கார வைத்தேன். முகம் கழுவச் சொன்னேன். மோர் கொடுத்தேன். அரை மணி கழித்து மறுபடி பார்த்தால் ஒருத்திக்கும் கீச் இல்லை. அன்றைக்கு நான் போட்ட பழக்கம், நிழலில் உட்கார வைத்துவிட்டுச் சோதிப்பது. இப்போது பெரிய பெரிய ஆபீசில் செய்கிறார்கள். யாரைப் பார்த்து என்று அவர்களுக்கே தெரியாது.

இங்கேதான் என் தப்பு ஆரம்பித்தது. மறைக்க மாட்டேன். ஜெயித்தவுடன் என் தலை வீங்கிப் போனது. காண்பவரிடமெல்லாம் அந்தத் துப்பாக்கிக் கதையைச் சொன்னேன். காய்ச்சல் நோட்டீஸ் கொடுக்கக் குப்பத்துக்கு வந்த கவர்ன்மென்ட் நர்ஸம்மாவிடமும் சொன்னேன். ஐம்பது வயசு தாண்டியவர், காலரா, அம்மை, எல்லாவற்றையும் பார்த்தவர். என் கதைக்கு அவர் சிரிக்கவில்லை.

“நெத்தியில காட்டினியே துப்பாக்கி, வாயைத் தொறந்து ஒரு கேள்வி கேட்டியா? ‘எங்கேர்ந்து வர்றே, எப்ப எறங்குனே’ன்னு?”

“குப்பத்துப் பொம்பள எங்கேர்ந்து வருவாம்மா? குப்பத்துலேர்ந்துதான் வருவா.”

“அவளைக் கேக்கச் சொல்லலையே,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. அன்றைக்குப் புரிந்திருந்தால் அஞ்சலை படுத்திருக்க மாட்டாள்.

அந்த வாரமே லீவு முடிந்து ஒரு இன்ஜினியர் அவர் ஊரிலிருந்து வந்தார். கல்யாணமாகாதவர், ஏழாம் நம்பர் அறை. ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தது என் வண்டி. டிரைவர் வியாசர்பாடி ஆள். சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்: “மாமு, அந்தத் தொர வழியெல்லாம் தும்மிக்கினே வந்தாரு. கண்ணு செவந்து கீது.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏசி வெச்சிருப்பே, கொறச்சு வெக்கத் தெரியாது?” என்று அவனைத் திட்டினேன். குப்பத்துக்காரி வெயிலில் வந்தால் காய்ச்சல் இல்லை என்று நிரூபித்த நான், ஃபிளைட்டில் வந்தவனுக்குக் காய்ச்சல் இருக்கும் என்று ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. கொக்கின் மண்டையில் இருந்த அதே மேப் என் மண்டையிலும் இருந்திருக்கிறது. வெளியே சிரித்தேன், உள்ளே அதே சிவப்பு வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புல்வெளியில் விருந்து. எல்லோரும் ஏழாம் நம்பரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். ஒரே கிண்ணத்து சிப்ஸில் பத்துக் கை. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் கிராமத்து ஜனங்களாம்! செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் படுத்துவிட்டார். கொக்கு மேனேஜர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியது: பிரயாணக் களைப்பு, கஞ்சி போதும். துப்பாக்கி அந்த அறைப் பக்கம் போகவே இல்லை. அது கேட்டுக்கு வாங்கின துப்பாக்கி.

கஞ்சி கொண்டு போனது அஞ்சலை. மூன்று நாள், மூன்று வேளை. “பாவம் நைனா, அம்மா இல்லாத ஊர்ல வந்து கெடக்குது,” என்று ஈரத்துணியால் நெற்றி துடைத்துவிட்டு வந்தாள். விரிப்பு வெளுத்தது ஒருத்தி. அறை துடைத்தது இன்னொருத்தி.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் வரவில்லை.

குப்பத்துக்கு ஓடினேன். அஞ்சலை வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து. படியில் ஒரு குடம் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி கொண்டு வந்து இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தெருமுனைக்குப் போன பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு கை வந்து குடத்தை எடுத்தது. அம்மை கண்ட வீட்டுக்கு அந்த ஊரில் இதுதான் கட்டு. தண்ணீரும் சோறும் வாசலோடு. படுத்தவருக்குத் தலைக்கு மூன்று தண்ணி ஊற்றி முடிகிற வரைக்கும் வீட்டு ஆள் தெருக் குழாய்க்கு வரக் கூடாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது. ஐந்தாம் நாள் ஒரு தண்ணி, ஏழாம் நாள் ஒரு தண்ணி, ஒன்பதாம் நாள் கடைசித் தண்ணி. டாக்டர் இல்லாத கிராமத்து ஜனம்! அம்மை இல்லை, வெறும் காய்ச்சல்தான் என்று தெரிந்தும், இது ஊர் ஊராகப் பாய்கிற காய்ச்சல் என்று அவர்களாகவே அந்தக் கட்டைப் போட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் அதே வேப்பிலை, அதே குடம். மாமியாரையும் பிள்ளைகளையும் அஞ்சலை உள் அறையில் விட்டு, தான் மட்டும் வாசல் தடுப்புக்குப் பின்னால் கிடந்தாள்.

“அங்கியே நில்லு நைனா, கிட்ட வராத.” இருமல். “எண்ணிக்கைல என்ன சேக்காத. எங்க மூணு பேரால அந்தக் கேட்டு சாத்தக் கூடாது. கூழு ஊத்தப் போயிட்டாளுங்கன்னு எழுதிக்கோ. நம்புவானுங்க.”

நம்புவார்கள்தான். ஆடி மாசம், வாரத்துக்கு ஒரு தெருவில் கூழ். மேனேஜர் அதற்குள் போன் செய்துவிட்டார்: “மூணு பேர் வரலையே, காரணம் என்ன போட?” கூழ் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட் திறந்தே இருக்கும். மிச்சம் முப்பத்தைந்து பேர் உள்ளே போவார்கள், ஏழாம் நம்பர் அறைக்கு வேறொருத்தி கஞ்சி கொண்டு போவாள். அடுத்த சனிக்கிழமை எத்தனை வாசலில் வேப்பிலை இருக்கும்? நர்ஸம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் என் கன்னத்தில் அறைந்தது. எங்கேர்ந்து வர்றே, எப்ப எறங்குனே. கஞ்சி, விரிப்பு, துடைப்பம். மூன்றும் ஒரே அறை.

பொய் சொன்னால் வேலை மிஞ்சும், உயிர் மிஞ்சுமா தெரியாது. உண்மை சொன்னால் மூன்று விரல். தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில் உங்க புத்தகம் என்ன சொல்லும்? “மேலதிகாரியிடம் தெரிவிக்கவும்” என்று சொல்லும். மேலதிகாரிதான் கர்ச்சீப்போடு நிற்கிறாரே.

நான் ஊர்த் தலைவரிடம் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “அவன் சாத்துறதுக்கு முன்னாடி நாம சாத்தணும்,” என்றேன். இந்த யோசனை என்னுடையது. தலைவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், கேட்டால் நம்பாதீங்க. அரை மணியில் ஊர்க் கூட்டம் கூடியது. முடிவு: கேம்பில் காய்ச்சல் இருக்கிறது. கடைசித் தண்ணி ஊற்றி முடிகிற வரைக்கும் குப்பத்திலிருந்து ஒருத்தரும் உள்ளே போகக் கூடாது.

கமிட்டி அறைக்குப் போனேன். “மூணு பேருக்குக் காய்ச்சல்” என்றேன். கொக்கு எழுந்து நின்றார். மூன்று விரல். முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. நினைத்தது நடந்துவிட்டால் பயந்தவனுக்கு வருமே, அந்தச் சந்தோஷம்.

“கேட்டை மூடச் சொல்றார்யா,” என்றார் மேனேஜர்.

“மூடட்டும் சார். குப்பம் காலைலயே சாத்திடுச்சு. இங்க காய்ச்சல் கீதாம், பொண்டு புள்ளைங்கள அனுப்ப மாட்டாங்களாம்.”

“இங்கேயா? யாருக்கு?”

“ஏழாம் நம்பர். ஃபிளைட்டுல வந்த காய்ச்சல். சொல்லுங்க அவருகிட்ட.”

மேனேஜர் கர்ச்சீப்பை மூக்குக்குக் கொண்டு போனார். “இதை எப்படிய்யா நான் சொல்றது?”

“நீங்க கர்ச்சீப்ப புடிச்சினு நில்லுங்க. நான் சொல்றேன்.” எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொக்குக்கு நேரே போனது: “ரூம் செவன், ஃபர்ஸ்ட் ஃபீவர். மை பீப்புள், ஆஃப்டர். யூ பார்ட்டி, ஆல் ஷேக் ஹேண்ட்.”

கொக்கு தன் வலது கையைப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம்தான் முதலில் வாய் திறந்தது. அறைக்குச் சாப்பாடு கொண்டு போனது யார் என்று கேட்டார். அஞ்சலை என்றேன். அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறதா என்றார். இரண்டு என்றேன். அந்தக் கேம்பில் அந்த மாசம் கேட்கப்பட்ட மனுஷத்தனமான கேள்வி அது ஒன்றுதான். அதனால் குறித்து வைக்கிறேன்.

நர்ஸம்மாவுக்கு நானே ஆள் அனுப்பினேன். வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் ஏழாம் நம்பர், அந்தப் பக்கம் மூன்று பெண்கள், எல்லோர் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். நான்கு பேருக்கும் அதே காய்ச்சல் என்று பதில் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த ஒன்பது நாள் கேம்பில் நான் ஒருத்தன். நாற்பத்திரண்டு வாசலுக்கும் நானே சமைத்தேன். ரசம் சோறு, கஞ்சி, வேகவைத்த முட்டை. தட்டை வாசலில் வைப்பேன், கதவை மூன்று தட்டு தட்டுவேன், தெருமுனைக்குப் போய் நிற்பேன். பிறகுதான் கதவு திறக்க வேண்டும். முன்னாடியே திறந்தால் அடுத்த வேளை சோறு லேட். இரண்டு வேளையில் கற்றுக்கொண்டார்கள். பெரிய இன்ஜினியர்கள், அறிவாளிகள்! மூன்றாம் நாள் கொக்கு படுத்தார். அவரைத் தொடர்ந்து விருந்துக்காரர்கள் வரிசையாகப் படுத்தார்கள். மொத்தம் ஒன்பது அறை. துப்பாக்கியை யாரும் தேடவில்லை. விரலை எண்ணுவதற்கும் ஆள் இல்லை.

ஒரு நாள் கொக்கு ஜன்னலைத் திறந்து, உள்ளே வா, தலையணையைச் சரி பண்ணு என்று சைகை காட்டினார். கடல் பக்கத்து ஜன்னல், அவர் பூட்டி வைத்த அதே ஜன்னல். நான் தெருமுனையில் நின்றபடியே கத்தினேன்: “நோ சார்! த்ரீ வாட்டர் ஆஃப்டர்!” புரிந்ததோ இல்லையோ, ஜன்னலை மூடிக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் அஞ்சலைக்கு மூச்சு வாங்குவதாகச் சேதி வந்தது. அன்றைக்கு நான் வைத்த ரசத்தில் உப்பு போட்டேனா என்று எனக்கே தெரியாது. நர்ஸம்மா ஆட்டோ வைத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். கேம்பிலிருந்து ஒரு ஆள் “எப்படி இருக்கிறாள்” என்று கேட்கவில்லை, கொக்கின் சம்சாரம் தவிர. என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது அந்த இரண்டு நாள்தான். டிரைவர் சொன்னான், நர்ஸம்மா சொன்னார், நான் காது கொடுக்கவில்லை. பிழைத்து வந்தாள். வந்த அன்றே தடுப்புக்குப் பின்னாலிருந்து, “எம் மாமியாருக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள். இல்லை. பிள்ளைகளுக்கும் இல்லை. குப்பத்தில் அந்த மூன்று வாசலோடு காய்ச்சல் நின்றது. தீ மாதிரி பரவும் என்றாரே? பரவியது, சிவப்பு வட்டத்துக்கு வெளியே, ஏசி போட்ட அறைகளில்.

ஒன்பதாம் நாள் மூன்று வீட்டிலும் கடைசித் தண்ணி ஊற்றினார்கள். மறுநாள் காலை முப்பத்தெட்டு பேரும் கேட்டுக்கு வந்தார்கள். இளைத்துப் போன கொக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு அங்கே நின்றார். கேட்டைத் திறக்கச் சொன்னார். பெண்கள் நகரவில்லை.

“இன்னாம்மே, வா உள்ள,” என்றேன்.

“இருக்கட்டும் நைனா. நானு அவனுக்குக் கஞ்சி குட்த்தேன், அவன் எனக்கு சொரம் குட்த்தான். இனிமே ஃபிளைட்டுல எறங்குறவனுக்கு வாசலோட சோறு. நாள் முடிஞ்சாத்தான் நாங்க உள்ள கால் வெப்போம். அந்தத் தொர எய்திக் குடுக்கட்டும், அப்பாலே வர்றோம்.”

இந்தத் தடவை மேனேஜர் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். கொக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டில் நின்றபடியே, சுவர் மேல் தாளை வைத்து எழுதினார். அதற்கப்புறம் முப்பத்தெட்டு வேலையில் ஒன்றுகூடப் போகவில்லை. கேம்ப் மூடுகிற வரைக்கும் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம், அதே கம்பெனி உங்களுக்கு நடத்துகிற பயிற்சி வகுப்பைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் குறிப்பிட்ட நாள் அறையிலேயே இருக்க வேண்டும், சாப்பாடு வாசலில் வைக்க வேண்டும், தட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். நல்ல முறைதான், பாடமாகவே வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி. பக்கத்தில் இருந்த பெண்ணைப் படிக்கச் சொன்னேன். “சுற்றியுள்ள கிராமங்களில் பரவிய காய்ச்சல் உள்ளே வராமல் தடுக்க, குடியிருப்போர் கமிட்டித் தலைவர் வகுத்த முறை” என்று படித்தாள். கொக்கு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவும் இருந்தது.

முறை வகுத்தாராம்! மூன்றாம் நாளே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவர்!

அந்த வரியை அடிங்க. நான் சொல்கிறபடி எழுதுங்க. காய்ச்சல் ஏழாம் நம்பர் அறையிலிருந்து குப்பத்துக்குப் போனது. வாசலோடு சோறு வைக்கிற முறை குப்பத்து முறை. அதை கேம்புக்குள் கொண்டு வந்து, ஒன்பது நாள் தனியாக நின்று நடத்தியவன் நான். என் முழுப் பேரையும் போடுங்க, இனிஷியலோடு. போட்டோ என்னிடம் இருக்கிறது, நல்ல சட்டையில் எடுத்தது. கொக்கு போட்டோவை எடுத்துவிட வேண்டாம், ஓரமாக இருக்கட்டும், அவரும் சாப்பிட்டவர்தான். ஊர்த் தலைவர் வந்து கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்க.

அஞ்சலை பேரை என் பேருக்குப் பக்கத்தில் போடுங்க. கீழே போடாதீங்க.